அமெரிக்கா 1968 – அத்தியாயம் 9: ஆரஞ்சு கவுன்டி

மே 28 அன்று ஓரிகன் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் செனட்டர் ராபர்ட் கென்னடி தோற்ற இடத்தில் சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அவரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்திக்கு 44 சதவீதம், கென்னடிக்கு 38. கென்னடி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தேர்தலில் தோற்றது இதுவே முதல்முறை என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை மெக்கார்த்தியோடு நேருக்கு நேர் விவாதிக்க மறுத்து வந்த கென்னடி, தோல்விக்குப் பிறகு இறங்கி வந்தார். கலிஃபோர்னியாவில் ஜூன் 4 வாக்குப்பதிவு. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 1 சனிக்கிழமை, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏபிசி தொலைக்காட்சி நிலையத்தில் இருவரும் செய்தியாளர்கள் முன் அமர்ந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதிய பலர், அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இருவரும் வியட்நாம் போரை எதிர்த்தவர்கள், இருவரும் கத்தோலிக்கர்கள், இருவரும் ஜனநாயகக் கட்சியின் தாராளவாத அணி. ஆக, மோதல் ஆளுக்கும் ஆளுக்கும்தானே தவிர கொள்கைக்கும் கொள்கைக்கும் அல்ல என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் எங்கே, எப்படி வாழப்போகிறார்கள் என்ற கேள்வியில் இந்த இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். அந்தக் கேள்வி நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில் மேசைக்கு வந்தது, ஒரே ஒரு வாக்கியத்தில் நசுக்கப்பட்டது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான். ஆனால் போரைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

வியட்நாம் விஷயத்தில் யார் முந்தி என்பதில் இரு தரப்பு இளைஞர்களும் அன்று அடித்துக்கொண்டார்கள். மெக்கார்த்தியின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருந்தது. 1967 நவம்பர் 30 அன்று, பதவியில் இருக்கும் சொந்தக் கட்சி அதிபரை எதிர்த்து நிற்க யாரும் துணியாத நேரத்தில், அவர் நின்றார். போர் எதிர்ப்பாளர்கள் கென்னடியைத்தான் முதலில் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கி அதிபர் ஜான்சனை உலுக்கிய பிறகு, நான்கே நாளில் கென்னடி களத்தில் குதித்தார். அந்தக் கசப்பு மெக்கார்த்தியின் தொண்டர்களுக்குக் கடைசிவரை தீரவில்லை.

பேச்சுகளின் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தென்வியட்நாம் ஆட்சியில், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணிக்கும் பங்கு கிடைக்க வேண்டியிருக்கும் என்று கென்னடி 1966 பிப்ரவரியிலேயே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார். குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லி 1967 மார்ச்சில் செனட்டில் பேசினார். களத்தில் இறங்கிய இரண்டாம் நாள் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் பற்றிய தொடக்ககால முடிவுகள் பலவற்றில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். மெக்கார்த்தியும் 1964இல், வியட்நாமில் போரிட அதிபருக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்தான். ஆகவே முந்திச் சொன்னவர் யார் என்ற சண்டை நம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. முந்தி நின்றவர் மெக்கார்த்தி. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் எடுக்க முடியாது.

ஜூன் மாதத்தில் கேள்வியே மாறியிருந்தது. பாரிஸில் போரை முடிப்பதற்கான பேச்சுவார்த்தை தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. அங்கே மேசையில் எதை வைப்பது? தென்வியட்நாமின் தலைநகர் சைகோனில் எல்லாத் தரப்பும் சேர்ந்த கூட்டணி அரசு அமைவதை ஏற்கத் தயார் என்று அமெரிக்கா இப்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார் மெக்கார்த்தி. பேச்சு தொடங்கும் முன்பே ஒரு கூட்டணியை சைகோன் மீது திணிப்பதைத் தான் எதிர்ப்பதாக கென்னடி சொன்னார். நான் திணிக்கச் சொல்லவில்லையே என்றார் மெக்கார்த்தி. வேறுபாடு சிறியதுதான். ஆனால் கென்னடி அதைப் பிடித்த விதத்தைக் கவனியுங்கள். எதிராளி சொன்னதை ஒரு படி கூட்டி, அச்சமூட்டும் ஒன்றாக்கி, அதைத் தான் எதிர்ப்பதாக நிறுத்துகிறார். சிறிது நேரத்தில் இதே முறை மறுபடியும் வரும்.

வெளியுறவில் உண்மையான பிளவு வேறோர் இடத்தில் இருந்தது. வியட்நாம் ஏதோ ஒரு தனித் தவறு அல்ல, உலகம் முழுக்கத் தலையிடும் உரிமை தனக்கு உண்டு என்று அமெரிக்கா நினைத்ததன் விளைவு அது என்று மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் மெக்கார்த்தி பேசினார். அந்த நினைப்பு ராபர்ட்டின் அண்ணன் ஜான் கென்னடி அதிபராக இருந்த காலத்திலும் ஓங்கியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், எஃப்பிஐ இயக்குநர் எட்கர் ஹூவர், கட்டாய ராணுவச் சேர்க்கையை நடத்திய ஜெனரல் ஹெர்ஷி ஆகிய மூவரையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்று பெயர் சொல்லியே அறிவித்தார். கென்னடியால் அது முடியவில்லை. தனிமனிதர்களைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று ஒதுங்கினார். மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க, அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது கென்னடியே அனுமதி தந்தார் என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைப் பத்தி ஒன்றில் வெளியாகியிருந்தது. விவாதத்தில் கேட்டபோதும் அதைப் பற்றிப் பேச மறுத்தார். அனுமதி தந்தது 1963 அக்டோபரில். ஆவணங்கள் பின்னால் அதை உறுதி செய்தன.

இனி வீட்டுக்குள்ளே நடந்த சண்டைக்கு வருவோம்.

1967 கோடையில் இனக் கலவரங்களில் டெட்ராய்ட்டும் நியூவார்க்கும் எரிந்ததை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். காரணம் கண்டறிய ஜான்சன் அமைத்த கெர்னர் குழு, 1968 பிப்ரவரிக் கடைசியில் அறிக்கை தந்தது. நாடு இரண்டு சமூகங்களாக, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, தனித்தனியாகவும் சமமில்லாமலும் பிரிந்துகொண்டிருக்கிறது என்பது அதன் முடிவு. ஐந்து ஆண்டுகளில் 60 லட்சம் வீடுகளை ஏழைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. கெட்டோ என்று சொல்லப்பட்ட கறுப்பினக் குடியிருப்புகளை என்ன செய்வது என்பதற்கு அது இரண்டு வழிகளை அலசியது: அங்கேயே பணத்தைக் கொட்டி வளப்படுத்துவது, அல்லது அங்கிருந்து மக்கள் வெளியேறி நாடெங்கும் கலந்து வாழ வழி திறப்பது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று குழு சொன்னது. கென்னடி முதல் வழியின் முகமானார். மெக்கார்த்தி இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

கென்னடியின் வழி வெறும் பேச்சு அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்ற பகுதி. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தார். 1966 தொடக்கத்தில் கென்னடி அங்கே நடந்து பார்க்கப் போனார். எத்தனையோ வெள்ளைக்காரர்கள் இப்படி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், நீங்களும் ஒருவர் என்று அங்கிருந்த தலைவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியனுப்பினார்கள். அந்தச் சூடு அவருக்கு உறைத்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த சக செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸைச் சேர்த்துக்கொண்டு, வறுமை ஒழிப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதன் பணத்தில் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தை நிறுவினார். உள்ளூர் மக்களுக்கு ஒரு குழு. ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன், சிபிஎஸ்ஸின் வில்லியம் பேலி போன்ற தொழிலதிபர்களுக்கு இன்னொரு குழு. பழைய வீடுகளின் முகப்பைப் புதுப்பிப்பதில் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலையும் பயிற்சியும் கிடைத்தது. கைவிடப்பட்ட ஒரு பால் ஆலைக் கட்டடம் அந்தப் பகுதியின் மையமானது. 1968இல் ஐபிஎம் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்க முன்வந்தது. ஏழைகள் வாழும் இடத்தில் ஆலை வைக்கும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தரும் மசோதாவையும் கென்னடி செனட்டில் முன்வைத்தார்.

அவருடைய எண்ணத்தின் நடுப்புள்ளி வேலை. நலத்திட்ட உதவித்தொகையை அவர் வெறுத்தார். அது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும், குடும்பத்தைக் குலைக்கும், மானத்தைக் கெடுக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னார். அந்த மே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு, எல்லாக் குடும்பத்துக்கும் குறைந்தபட்ச வருமானத்தை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மெக்கார்த்தி அதை ஆதரித்தார். கென்னடி மறுத்தார்: வேலைக்கு ஈடாகாது என்றார். இண்டியானாவில் அதிகாரத்தை வாஷிங்டனிலிருந்து எடுத்து ஊர்களிடம் கொடுப்பது, சட்டம் ஒழுங்கு, தனியார் முதலீடு என்று அவர் பேசியதைக் கேட்டு, குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகனே இவர் என் குரலில் பேசுகிறாரே என்று சொன்னார்.

அதற்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சை மாற்றிக்கொண்ட ஆள் என்று கென்னடியைத் தள்ளிவிடுவது அநியாயம். இண்டியானாபோலிஸில் மருத்துவ மாணவர்கள் நிறைந்த அரங்கில், இந்தத் திட்டங்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்க, உங்களிடமிருந்துதான் என்றார். ஒமாஹாவில் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில், கல்லூரி மாணவர்களுக்கு ராணுவச் சேர்க்கையிலிருந்து தரும் விலக்கு அநீதி என்று மாணவர்களிடமே சொல்லி ஏச்சு வாங்கினார். கருவறைக்குள் நின்று சாமியைக் குறை சொல்வது போன்ற துணிச்சல் அது. ஓரிகனில் ரோஸ்பர்க் நீதிமன்ற வாசலில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பலகை பிடித்து நின்றவர்களிடம், மனநிலை பாதித்தவரும் குற்றவாளியும் தபாலில் துப்பாக்கி வாங்குவதைத் தடுக்க வேண்டாமா என்று வாதாடினார். அது தேர்தலுக்கு முந்தைய நாள். மறுநாள் தோற்றார்.

மெக்கார்த்தியின் வழியைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் எழுதுவதில்லை. அவரும் ஒரு காரணம்: மேடையில் உரத்துப் பேசமாட்டார், கவிஞர் ராபர்ட் லோவெல்லோடு பேசிக்கொண்டிருப்பதில் கிடைத்த இன்பம் அவருக்கு வாக்குக் கேட்பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை எடுத்து வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டு எந்த வேட்பாளரும் சொல்லாத அளவுக்கு ஆழமானது. வாக்குரிமை, பொது இடங்களில் நுழையும் உரிமை போன்ற பழைய சிவில் உரிமைகள் சட்டமாகிவிட்டன. இனிப் புதிய சிவில் உரிமைகள் வேண்டும் என்றார். தகுந்த வருமானம், மருத்துவம், கல்வி, கடைசியாக வீடு. வீடு என்றால் கெட்டோவுக்குள் புதிய அடுக்குமாடி அல்ல. ஆலைகளும் அலுவலகங்களும் நகரத்தை விட்டுப் புறநகருக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. வேலை போகும் இடத்துக்கு மனிதன் போக முடிய வேண்டும். அங்கே அவன் குடியேறத் தடையாக இருக்கும் சுவர் இடிய வேண்டும். கெட்டோவுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தால், நல்லெண்ணத்தோடு ஒரு இனஒதுக்கலை நாமே நிரந்தரமாக்கிவிடுவோம் என்று எச்சரித்தார்.

இந்தக் கதையில் என்னை விடாமல் உறுத்துவது இதுதான். இனக்கலப்பை முழுமையாகக் கேட்டவர் மெக்கார்த்தி; அவர் கூட்டங்களில் இருந்தது பெரும்பாலும் படித்த, வெள்ளையினப் புறநகர்வாசிகள். எந்தப் புறநகரைத் திறக்க வேண்டும் என்றாரோ அந்தப் புறநகரே அவருக்குக் கைதட்டியது. கறுப்பின மக்கள் அவரிடம் வரவில்லை; அவரும் அவர்களைத் தேடி அதிகம் போகவில்லை. கென்னடியின் கார், லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினப் பகுதியான வாட்ஸின் தெருக்களில் நகர முடியாமல் நின்றது. சட்டைப் பொத்தான்கள் பிய்ந்தன, கைகள் கீறப்பட்டன. கிங் கொல்லப்பட்ட ஏப்ரல் 4 இரவு, இண்டியானாபோலிஸில் கறுப்பின மக்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று அந்தச் செய்தியைச் சொன்னவர் அவர். மார்ச் மாதம் டெலானோவில் விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி பிட்டவர். திட்டத்தைப் படித்து யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. தங்கள் வலியைத் தன் வலியாக உணர்கிறவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறும் அல்ல.

அதனால்தான் ஜூன் 1 இரவு அவர் செய்தது எளிதில் மன்னிக்கக் கூடியதாக இல்லை. நகரங்கள் பற்றிய கேள்வி வந்தபோது, வீடுகளில் ஒரு பகுதியாவது கெட்டோவுக்கு வெளியே கட்டப்பட வேண்டும் என்று மெக்கார்த்தி சொன்னார். கென்னடி பதில் சொன்னார்: பத்தாயிரம் கறுப்பினத்தவரைக் கொண்டுபோய் ஆரஞ்சு கவுன்டியில் வைப்பேன் என்கிறீர்கள். பள்ளியில் அவர்கள் பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடியாது, அங்குள்ள வேலைக்கு வேண்டிய திறன் அவர்களுக்கு இல்லை, இது பேராபத்தில் முடியும் என்றார்.

பத்தாயிரம் என்ற எண்ணை மெக்கார்த்தி எங்கும் சொல்லவில்லை. ஆரஞ்சு கவுன்டி என்றும் சொல்லவில்லை. அந்தப் பெயர் தற்செயலாக வாயில் வந்ததும் அல்ல. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருந்த அந்த மாவட்டம் அன்று ஏறக்குறைய முழுவதும் வெள்ளையினத்தவர் வாழ்ந்த, குடியரசுக் கட்சியின் வலதுசாரிக் கோட்டை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தை ஒழிக்க, 1964இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 14ஆம் முன்மொழிவை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றினார்கள். உச்ச நீதிமன்றம் 1967இல் அதைச் செல்லாது என்றது. ரெய்ட்மன் எதிர் மல்கி என்ற அந்த வழக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆரஞ்சு கவுன்டியின் சான்டா ஆனாவில் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தம்பதி தொடுத்த வழக்கு அது. நாடு முழுமைக்கும் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது ஏப்ரல் 11 அன்று, கிங் இறந்து ஒரு வாரத்தில். அதாவது, ஒரு கறுப்பினக் குடும்பம் ஆரஞ்சு கவுன்டியில் வீடு எடுக்கலாம் என்று நாட்டின் சட்டம் சொல்லி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தை ஆதரித்த ஒரு செனட்டர், அந்த ஊரின் பெயரையே ஒரு பயமுறுத்தலாக வீசினார்.

அவர் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பயிற்சியும் வருமானமும் இல்லாத குடும்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய், வெறுப்போடு பார்க்கும் ஊரில் விட்டால் என்ன ஆகும் என்பது உண்மையான கவலை. பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் மக்களே, எங்களை இடம் மாற்றாதே, எங்கள் இடத்தை மாற்று என்றுதான் கேட்டார்கள். கறுப்பின அதிகாரம் பேசிய இளைஞர்களுக்கும் கலப்பில் நாட்டமில்லை. இதையெல்லாம் கென்னடி எடுத்துப் பேசியிருக்கலாம். மக்கள் கேட்டிருப்பார்கள். அவர் பேசியதோ வாட்ஸுக்காக அல்ல, புறநகரின் வெள்ளையின வாக்காளருக்காக.

மெக்கார்த்தியின் தவறு வேறு வகை. அந்த வாக்கியத்தை எதிர்கொள்ள அவரிடம் எல்லா வாதமும் இருந்தது. கெர்னர் அறிக்கை இருந்தது, புதிய சட்டம் இருந்தது, சான்டா ஆனா வழக்கு இருந்தது. அவர் பிடித்து உலுக்கவில்லை. ஒரு கணம் தடுமாறி, அடுத்த கேள்விக்குப் போகவிட்டார். விவாதத்துக்காகப் பெரிதாகத் தயாரித்துக்கொண்டும் வரவில்லை. கென்னடியோ உதவியாளர்களோடு உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் பயின்று வந்திருந்தார். இன ஒதுக்கலைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சிந்தித்த ஒருவர், அதைச் சொல்ல வேண்டிய ஒரே இரவில் சும்மா இருந்தார். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர் அல்ல, அவரை நம்பியவர்கள். ஆரஞ்சு கவுன்டிப் பேச்சுக்காக மறுநாள் முதல் மெக்கார்த்தியின் ஆட்கள் கென்னடியை வசைபாடினார்கள். அதற்குள் கணம் கடந்துவிட்டது.

ஜூன் 4 முடிவு: கென்னடி 46 சதவீதம், மெக்கார்த்தி 42, மாநில அட்டர்னி ஜெனரல் தாமஸ் லின்ச்சின் அணிக்கு 12. வென்றவருக்கே எல்லாம் என்ற விதிப்படி கலிஃபோர்னியாவின் 174 பிரதிநிதிகளும் கென்னடிக்கு. கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பகுதிகளில் அவர் அள்ளிக் குவித்தார். அந்த வாக்குகள் இல்லாமல் வெற்றி இல்லை. நள்ளிரவு தாண்டி லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் சுடப்பட்டு, ஜூன் 6 அதிகாலை இறந்தார். அதை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது வேட்பாளரை இதுவரை ஒதுக்கியே வைத்திருந்தேன், ஏனென்றால் அவர் ஒரு பிரைமரியிலும் நிற்கவில்லை. துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஏப்ரல் 27 அன்றுதான் களமிறங்கினார். பெரும்பான்மையான மாநிலங்களில் அன்று பிரைமரியே கிடையாது. அங்கெல்லாம் ஆளுநர்களும் மேயர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் பிரதிநிதிகளை முடிவு செய்தார்கள். கென்னடியும் மெக்கார்த்தியும் இண்டியானாவிலும் நெப்ராஸ்காவிலும் ஓரிகனிலும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தபோது, ஹம்ப்ரி அந்தத் தலைவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். 1948 மாநாட்டில் சிவில் உரிமைக்காகக் கட்சியைப் பிளக்கத் துணிந்தவர் அவர். வியட்நாமில் ஜான்சனின் கொள்கையே அவர் கொள்கை. கெட்டோவா, புறநகரா என்ற கேள்வியில் அவர் எங்கே நிற்கிறார் என்று எந்த வாக்காளரும் அவரை நேரில் நிறுத்திக் கேட்க வாய்ப்பு இருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் சிகாகோ மாநாட்டில் ஹம்ப்ரிக்குக் கிடைத்த வாக்குகள் 1,760. மெக்கார்த்திக்கு 601. கென்னடியின் பிரதிநிதிகள் சிலரைத் திரட்டிக் கடைசி நேரத்தில் நின்ற ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 146. போர் பற்றிய தீர்மானத்தின் மீது அந்த மாநாடு மணிக்கணக்கில் சண்டை போட்டது. வீட்டுவசதி பற்றி அப்படி யாரும் சண்டை போடவில்லை.

(தொடரும்)